மூன்று மீட்டரில் நிறுத்திய வளையம்

கையடக்க டிஜிட்டல் கேமராவில் மேனுவல் ஃபோகஸைத் தேர்ந்தெடுத்து வளையத்தைத் திருப்புகிறவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை தோன்றுகிறது. அதன் ஒரு முனையில் சில சென்டிமீட்டர், மறு முனையில் முடிவிலிக் குறி. எதிரே ஐந்து மீட்டரில் ஒரு மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளையம் திரும்பத் திரும்பப் பட்டையில் உள்ள குறி நகர்கிறது, மரமோ அப்படியே இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு வைத்தாலும் பத்து மீட்டருக்கு வைத்தாலும் அதே மரம், அதே தெளிவு. பழைய ஃபிலிம் எஸ்எல்ஆரில் இப்படி இருக்காது. கலங்கிக் கிடந்த முகம் வளையத்தோடு சேர்ந்து மெல்லத் திரண்டு, ஓரிடத்தில் பளிச்சென்று தெளிந்து, அந்த இடத்தைத் தாண்டினால் மறுபடி கலங்கும். அதே அனுபவத்தை இங்கே தேடுகிறவர் கேமராவில் கோளாறு என்று நினைக்கிறார். அல்லது பெட்டியின் மேல் அச்சடிப்பதற்காக வைத்த வசதி என்று முடிவுகட்டி ஆட்டோ ஃபோகஸுக்கே திரும்பிவிடுகிறார். கேமராவிலும் குறையில்லை, வசதியும் பொய்யில்லை. கண்ணால் பார்த்துத் தெளிவைப் பிடிப்பதற்கான கருவி என்று அதை எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது. சின்னக் கேமராவில் மேனுவல் ஃபோகஸ் என்பது தூரத்தை முன்கூட்டியே முடிவு செய்கிற வேலை. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது அவ்வளவே. ஆனால் அது ஏன் அப்படி என்பதற்கு லென்ஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓர் உண்மையான கேமராவை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது. 2009இல் வந்த கேனான் பவர்ஷாட் எஸ்90 சட்டைப்பையில் அடங்கும் அளவு. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதன் சென்சார் சுமார் 7.5 மில்லிமீட்டர் அகலம், 5.6 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஜூம் செய்யாத நிலையில் லென்ஸின் குவிய நீளம் வெறும் 6 மில்லிமீட்டர். விளம்பரத்தில் 28 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது, 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டால் எவ்வளவு அகலமான காட்சி தெரியும் என்பதைச் சொல்வதற்காக. லென்ஸின் இயற்பியலை நிர்ணயிப்பது அந்த 6 மட்டுமே. மிகத் தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் லென்ஸிலிருந்து சரியாக 6 மில்லிமீட்டரில் விழும். பொருள் அருகே வர வர, பிம்பம் பின்னுக்குத் தள்ளிப்போகும். அதை ஈடுகட்ட லென்ஸ் முன்னே நகர வேண்டும். எவ்வளவு நகர வேண்டும்? பள்ளிக்கூடத்தில் படித்த லென்ஸ் சமன்பாட்டில் எண்களைப் போட்டால், முடிவிலியிலிருந்து மூன்று மீட்டருக்கு வர 0.012 மில்லிமீட்டர், அதாவது 12 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அரை மீட்டருக்கு 73 மைக்ரான். மேக்ரோவில் ஐந்து சென்டிமீட்டருக்கு 820 மைக்ரான். உண்மையான லென்ஸில் பல கண்ணாடிகள் அடுக்கியிருக்கும், உள்ளே ஏதாவது ஒரு தொகுதி மட்டும் அசையும் என்பதால் எண்கள் சற்று மாறலாம், விகிதம் மாறாது. மொத்த நகர்வில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் முதல் அரை மீட்டருக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. மூன்று மீட்டருக்கு அப்பால் கிடக்கும் தெரு, மலை, நிலா அத்தனைக்கும் மிஞ்சுவது நூற்றில் ஒன்றரைப் பங்கு. இவ்வளவு நுண்ணிய அசைவை விரலால் நேரடியாகக் கொடுக்க முடியாது. அதனால்தான் இந்தக் கேமராக்களில் வளையத்துக்கும் லென்ஸுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வளையம் ஒரு மின்குறிப்பை அனுப்புகிறது, உள்ளே ஒரு குட்டி மோட்டார் லென்ஸைத் தள்ளுகிறது.

மரம் மாறாமல் நின்றதற்குக் காரணம் இப்போது பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதி மங்கலின் அளவில் இருக்கிறது. ஃபோகஸ் தப்பிய ஒரு புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சின்ன வட்டமாக விழுகிறது. அந்த வட்டம் ஓர் அளவுக்குள் இருக்கும்வரை, படத்தைச் சாதாரண அளவில் அச்சடித்துக் கைத்தூரத்தில் பார்க்கிற கண்ணுக்கு அது புள்ளியாகவே தெரியும். அந்த எல்லையைப் படத்தின் மூலைவிட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எஸ்90 அளவு சென்சாருக்கு அது 6 மைக்ரான். இதிலிருந்து புகைப்படக்காரர்கள் ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று சொல்வதைக் கணக்கிடலாம்: லென்ஸை அந்தத் தூரத்தில் நிறுத்தினால், அதன் பாதியிலிருந்து முடிவிலிவரை எல்லாம் தெளிவாக விழும். 6 மில்லிமீட்டர் லென்ஸில் துளையை முழுதாகத் திறந்து எஃப்2இல் வைத்தால் அது சரியாக மூன்று மீட்டர். வளையத்தை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால் ஒன்றரை மீட்டரிலிருந்து அடிவானம்வரை கவலையில்லை. எஃப்4க்குச் சுருக்கினால் ஒன்றரை மீட்டரில் வைத்தால் போதும், முக்கால் மீட்டரிலிருந்தே தெளிவு தொடங்கிவிடும். அதே காட்சியை முழு ஃபிரேம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸால் எஃப்2இல் எடுக்கிறவருக்கு இந்தத் தூரம் 13 மீட்டர். ஆறரை மீட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எதுவும் கலங்கும். இடைநிலையில் இருப்பவை ஒரு அங்குல சென்சார் என்று பெயர் வாங்கிய கேமராக்கள். 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100இன் 10.4 மி.மீ. லென்ஸை எஃப்1.8இல் வைத்தால் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். தன் கேமராவின் உண்மையான குவிய நீளம் லென்ஸின் முகப்பிலேயே பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அதை ஒருமுறை வாசித்து இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்பவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

திரையும் இதில் ஒரு சதி செய்கிறது. எஸ்90இன் பின்புறத் திரையில் சுமார் 4,61,000 புள்ளிகள். கேட்கத் தாராளமாக இருக்கிறது, ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணிய கணக்கு அது. முழு வண்ணப் புள்ளிகள் என்று பார்த்தால் ஒன்றரை லட்சம்தான். சென்சாரில் இருப்பவையோ ஒரு கோடி பிக்சல்கள். ஆக, திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய அறுபத்தைந்து பிக்சல்களைப் பிசைந்து ஒன்றாக்கிக் காட்டுகிறது. எட்டுக்கு எட்டாக ஒரு கட்டம். ஒரு பிக்சல் இரண்டு மைக்ரான் என்பதால் கட்டத்தின் அகலம் 16 மைக்ரான். பதினாறு மைக்ரானுக்குள் அடங்குகிற எந்த மங்கலும் இந்தத் திரையில் தெரிய வழியே இல்லை. நாம் கண்டுபிடிக்க வேண்டியதோ 6 மைக்ரான் மங்கல். ஐந்து மீட்டர் மரத்துக்கு இரண்டு மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் விழும் மங்கல் ஐந்தரை மைக்ரானுக்குள். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பழக்கம் எத்தனை வருடமானாலும், இல்லாத தகவலைப் பார்க்க முடியாது. படத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இந்தக் குறையை ஓரளவு போக்கும். ஃபோகஸ் பீக்கிங் என்று தெளிந்த விளிம்புகளுக்கு வண்ணம் பூசிக்காட்டும் வசதியை இதற்கு முழுத் தீர்வாகச் சொல்கிறவர்கள் உண்டு. கேமரா அந்த வண்ணத்தைப் பூசுவது திரைக்காகச் சுருக்கிய படத்தைப் பார்த்து. சுருக்கும்போதே நுண்ணிய மங்கல் மறைந்துவிடுகிறது. அதனால் உண்மையில் தெளிந்த பகுதியைவிட அகலமாக வண்ணம் பரவுகிறது. அகலக் கோணத்தில் காட்சி முழுதும் வண்ணமேறி நிற்கும்போது அது எதையும் தேர்ந்தெடுக்க உதவாது.

ஆகவே, பார்த்துப் பிடிக்க முடியாததைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். இது புதிய யோசனை அல்ல. 1967இல் வந்து 1984வரை தயாரிப்பில் இருந்த ஒலிம்பஸ் டிரிப் 35 கேமராவின் லென்ஸ் வளையத்தில் நான்கு படங்கள் இருந்தன: ஒரு தலை, அடுத்து ஆட்கள், பிறகு கூட்டம், கடைசியில் மலை. எடுக்கப்போவது எந்தத் தூரத்தில் இருக்கிறது என்று மனத்தால் முடிவு செய்து அந்தப் படத்துக்கு வளையத்தைத் திருப்பவேண்டியதுதான். வ்யூஃபைண்டரில் தெளிவைச் சோதிக்க எந்த ஏற்பாடும் கிடையாது. அதன் லென்ஸ் 40 மில்லிமீட்டர், எஃப்2.8. மூன்று மீட்டருக்கு வைத்து முழுத் துளையில் எடுத்தால் தெளிவாக விழுவது சுமார் 2.6 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர்வரை, ஒரே ஒரு மீட்டர் அகலமான பட்டை. வெயிலில் எஃப்8க்குச் சுருங்கும்போது அது இரண்டு மீட்டரிலிருந்து ஐந்தரை மீட்டர்வரை விரியும். குடும்பத்தையும் குழந்தைகளையும் படமெடுத்த சாதாரண மக்கள் அந்த ஒரு மீட்டர் பட்டைக்குள் குறிவைத்து நல்ல படங்கள் எடுத்தார்கள். எஸ்90 வைத்திருப்பவருக்கு அதே மூன்று மீட்டர் குறியில், முழுத் துளையிலேயே, ஒன்றரை மீட்டரிலிருந்து முடிவிலிவரை மன்னிப்பு கிடைக்கிறது. தூரத்தை மதிப்பிடுவது கடினம், தப்பாகிவிடும் என்று சொல்பவர்கள் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாலு மீட்டரை மூன்று என்று நினைத்தாலும் ஆறு என்று நினைத்தாலும் இந்தச் சின்ன லென்ஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. 1977இல் கோனிகா சி35 ஏஎஃப், தானாக ஃபோகஸ் செய்யும் கேமராவாகக் கடைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான், படமெடுக்கிறவர் தூரத்தை நினைக்க வேண்டியதே இல்லை என்றாயிற்று. நான் வருந்துவது அந்தப் பழக்கம் மறைந்ததற்காக. இயந்திரம் வந்ததற்காக அல்ல.

இங்கே ஒரு கேள்வி நேராக எழும். எல்லாம் இத்தனை எளிதில் தெளிந்துவிடும் என்றால் ஆட்டோ ஃபோகஸ் அதைச் செய்துவிட்டுப் போகட்டுமே, எதற்குக் கையால் வைக்க வேண்டும்? பதில், சின்னக் கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. எஸ்90 போன்றவற்றில் தூரத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் லென்ஸ் படிப்படியாக நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் குறித்த பகுதியில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு கூர்மையாகப் பிரிகின்றன என்று சென்சார் பார்க்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு மேடேறுகிறவர் உச்சியைத் தாண்டி நாலடி இறங்கிய பிறகுதான் தாண்டிவந்தது உச்சி என்று அறிவார். இதுவும் அப்படித்தான். கூர்மை ஏறி, உச்சி தொட்டு, இறங்கத் தொடங்கியதும் லென்ஸ் திரும்பி வந்து உச்சியில் நிற்கிறது. நல்ல வெளிச்சத்தில், கோடும் கட்டமும் உள்ள பொருளில், இது மனிதக் கையைவிடத் துல்லியமானது. அதை மறுக்க நியாயமில்லை. ஆனால் வெள்ளைச் சுவரில் ஏறுவதற்கு மேடே இல்லை. அந்தி நேரத்தில் சென்சாரின் இரைச்சல் சிறு சிறு பொய் மேடுகளை எழுப்பிவிடுகிறது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தெரு என்றால் கண்ணாடியின் அழுக்கு ஒரு மேடு, தெரு இன்னொரு மேடு. இருட்டில் வெடிக்கும் வாணத்துக்கு, பூ விரிகிறவரை மேடும் கிடையாது பள்ளமும் கிடையாது, விரிந்தபின் தேடத் தொடங்கினால் முடிவதற்குள் அணைந்துவிடும். இவை எல்லாவற்றிலும் இயந்திரம் தவறுவது துல்லியத்தில் அல்ல. எது முக்கியம் என்பதும், அது எப்போது நிகழும் என்பதும் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஓடிவரும் குழந்தை ஒரு நொடியில் இரண்டு மூன்று மீட்டர் கடக்கும். லென்ஸ் மேடேறி இறங்கித் திரும்பும் நேரத்தில் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருக்கும். மூன்று மீட்டரில் நிறுத்திய வளையத்துக்குத் தேடும் வேலையே இல்லை. பொத்தானை அழுத்தினால் படம். ரிக்கோ நிறுவனம் 2005 முதல் வந்த தன் ஜிஆர் டிஜிட்டல் கேமராக்களில் முன்பே குறித்துவைத்த தூரத்தில் உடனே எடுக்கும் ஸ்னாப் ஃபோகஸ் முறையைக் கொடுத்ததும், தெருவில் படமெடுக்கிறவர்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது, எதிர்த்திசையிலிருந்து வருவது. ஒன்றரை மீட்டர் முதல் முடிவிலிவரை எல்லாம் தெளிவு என்பது சலுகை விலையில் வாங்கிய தெளிவு. அச்சிட்ட சிறு படத்துக்கு வகுத்த அளவுகோல் அது. இன்று படத்தைக் கணினித் திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். மூன்று மீட்டரில் வைத்து எடுத்த படத்தில் தூரத்து மலைமுகட்டின் மங்கல் சரியாக 6 மைக்ரான், அதாவது மூன்று பிக்சல் அகலம். பெரிதாக்கினால் கண்ணுக்குத் தெரியும். இது உண்மை, ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதற்கு மருந்தும் அதே கணக்கில் இருக்கிறது. வளையத்தை மூன்றிலிருந்து ஆறு மீட்டருக்குத் தள்ளினால் மலைமுகட்டின் மங்கல் பாதியாகி 3 மைக்ரானாகிறது. எஃப்2 துளையில் ஒளியலையின் விலகலே ஒரு புள்ளியை 2.7 மைக்ரான் அகலத்துக்குப் பரப்பிவிடுவதால், அதற்குமேல் சரிசெய்து பெரிய லாபமில்லை. பக்கத்தில் இழப்பது எவ்வளவு? தெளிவின் தொடக்கம் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் போகிறது. ஒரு எட்டு தூரம். மலையும் வானமும் முக்கியமான படத்துக்கு அந்த அரை மீட்டரைக் கொடுப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. முன்னால் நிற்கும் ஆள் முக்கியம் என்றால் கொடுக்கக் கூடாது. எது முக்கியம் என்று எடுக்கிறவர் சொன்னால்தான் எண் கிடைக்கும். ஆட்டோ ஃபோகஸ் கேட்காமலே விட்டுவிடுகிற கேள்வி இது. துளையை எஃப்8க்குச் சுருக்கி எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடலாமே என்றால், பெரிய கேமராவில் பலிக்கும் அந்த வழி இங்கே பலிக்காது. எஃப்8இல் ஒளி விலகலால் மட்டும் ஒவ்வொரு புள்ளியும் 10.7 மைக்ரானுக்கு, ஐந்து பிக்சல் அகலத்துக்கு, விரிந்துவிடும். ஃபோகஸ் சரியாக இருந்த இடமும் சேர்ந்து சோர்ந்துபோகும்.

தூரத்தை அறிய நாடா தேவையில்லை. சாண், முழம், அடி என்று உடம்பையே அளவுகோலாக்கிய மரபு நம்முடையது. விரித்த இரு கைகளின் நீளம் ஏறக்குறைய அவரவர் உயரம். தரையில் படுத்தால் எத்தனை ஆள் நீளம் என்று பார்த்துக்கொண்டால் ஐந்து மீட்டர்வரை மதிப்பீடு பெரிதாகத் தப்பாது. அதற்கும் நம்பிக்கை வராவிட்டால் ஆட்டோ ஃபோகஸையே அளவுகோலாக்கலாம். ஆள் வந்து நிற்கப்போகும் இடத்துக்கு அதே தூரத்தில் உள்ள வேறு பொருளில், தூண் அல்லது படிக்கட்டின் விளிம்பில், தானாக ஃபோகஸ் செய்யவிட்டு, பிறகு மேனுவலுக்கு மாற்றினால் பல கேமராக்களில் லென்ஸ் அங்கேயே நின்றுவிடும். ஜூமைத் தொட்டால் மட்டும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஜூமைத் தொட்டாலே மன்னிப்பு சுருங்கிவிடும் என்பது இந்த வாதத்தின் மறுபக்கம். எஸ்90இன் லென்ஸை முழுதாக நீட்டினால் 22.5 மில்லிமீட்டர், எஃப்4.9. ஹைப்பர்ஃபோகல் தூரம் மூன்று மீட்டரிலிருந்து 17 மீட்டருக்குத் தாவுகிறது. இரண்டு மீட்டரில் இருக்கும் முகத்துக்கு, முன்னால் 21 சென்டிமீட்டரும் பின்னால் 26 சென்டிமீட்டரும்தான் தெளிவு, ஒரு முழத்துக்குச் சற்றே கூட. இங்கே உத்தேசம் போதாது; படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்வது இந்த இடத்தில்தான் பயன் தரும். கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும் பறவையை எடுக்க வேண்டியதும் இந்த நிலையில்தான். ஆட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் வலையைப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் வலையின் கோடுகள் கூர்மையானவை. கையால் பறவைக்கு வைத்துவிட்டாலும் அகலக் கோணத்தில் வலை மறையாது, அதுவும் தெளிவாகவே விழும். லென்ஸை நீட்டும்போது திறந்த துளையின் விட்டம் 22.5ஐ 4.9ஆல் வகுத்த 4.6 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கம்பியை லென்ஸின் முகத்தோடு ஒட்டினாற்போல் வைத்தால், ஒளி அதன் இருபுறமும் வழிந்து உள்ளே வந்துவிடும். கம்பி இலேசான மூட்டமாகக் கரைந்து பறவை மட்டும் நிற்கும்.

மேக்ரோவுக்கு வரும்போது, முதல் பத்தியில் காணாமல்போன அனுபவம் திரும்பக் கிடைக்கிறது. ஐந்து சென்டிமீட்டரில், எஃப்2இல், தெளிவின் மொத்த ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர். லென்ஸ் நகர்வில் பத்தில் ஒன்பது பங்கு செலவாகும் பிரதேசம் இது. வளையத்தைத் தொட்டதும் திரையில் எல்லாம் புரளும், கலங்கும், தெளியும். ஆனால் இங்கேயும் வளையத்தைத் திருப்பித் தேடுவது வீண். கை அசைந்தாலே ஒன்றரை மில்லிமீட்டர் கடந்துவிடுகிறது. வளையத்தால் துரத்தினால் முடிவே இல்லை. ஐந்து சென்டிமீட்டரில் வளையத்தை நிறுத்திவிட்டு, அதை மறந்துவிட வேண்டும். ஓர் இலையில் எறும்பு நிற்கிறது என்றால், முழங்கைகளை விலாவோடு அணைத்துக்கொண்டு, ஏழெட்டு சென்டிமீட்டரிலிருந்து உடம்பை இடுப்பிலிருந்து மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். முதலில் உணர்கொம்பின் நுனி தெளியும், பிறகு அது கலங்கிக் கொம்பின் மடிப்பு தெளியும், அதன்பின் தலையின் வளைவும் கண்ணின் கரும்புள்ளியும். கண் தெளிகிற அந்த நொடியில், சாய்வதை நிறுத்தாமலேயே, பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக நாலைந்து படங்கள்.